இருபது அயர்ன் பாக்ஸும் ஒரு வலது காலும்

டூரிங் பைக்கை மார்கழி மாதத்தில் வாங்கக் கூடாது. இதை எந்த யூடியூப் தம்பியும் எனக்குச் சொல்லவில்லை. பனி விழுகிற விடியற்காலையில் செகண்ட் ஹேண்ட் 650 சிசி வண்டி ஒன்றை டெஸ்ட் ரைடு எடுத்தேன். இரட்டை சிலிண்டர், லிக்விட் கூலிங், பெரிய டேங்க். ஓட்ட ஓட்டக் காலில் இதமான வெதுவெதுப்பு. "சூப்பரா இருக்கு பாஸ், குளிரே தெரியல" என்றேன். விற்றவர் சிரித்தார். என் ரசனையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, பேரம் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

சித்திரை பிறந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பெருங்களத்தூர் நெரிசல். இருபுறமும் பஸ்கள் நிற்க, நடுவில் நான். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் மளமளவென்று ஏறி, ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அந்த ஃபேன் தள்ளுகிற காற்று எங்கே போகும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நேராக என் வலது தொடைக்குப் போகும். சிக்னல் விழுகிற வரை காலை அகட்டி வைத்துக்கொண்டு நெளிந்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "பைல்ஸா சார்? மோர் குடிங்க" என்று அக்கறையாகச் சொன்னார்.

அன்று இரவே தீர்மானித்தேன்: இன்ஜின் சூடாகிறது, சூட்டைக் குறைத்தே ஆக வேண்டும். ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் படித்தவன் என்கிற தைரியம். எவ்வளவு மார்க் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்கிற நம்பிக்கை.

முதல் கண்டுபிடிப்பு, தண்ணீர். கூலன்ட் என்பது எதிலீன் கிளைக்காலும் தண்ணீரும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்தது. வெப்பத்தை வாங்கிச் சுமக்கும் திறன் அந்தக் கலவையைவிட வெறும் தண்ணீருக்கு அதிகம். இது நிஜமான பிசிக்ஸ். அப்படியென்றால் கூலன்டை வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் இன்ஜின் இன்னும் குளிருமே! கம்பெனி இன்ஜினியர்களுக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

எங்கள் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளை வட்டம் போடும். கீஸர் காயிலை வருஷா வருஷம் தின்னும். அதைத்தான் அலுமினிய ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். கொஞ்ச நாளில் வண்டி நிஜமாகவே கூடுதலாகச் சூடாக ஆரம்பித்தது. பாயிடம் கொண்டுபோனேன். பாய்தான் எங்கள் தெரு மெக்கானிக். வடித்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். பழுப்பு நிறம். "டீ ரெடி, எடுத்துக்கங்க சார்" என்றார்.

கூலன்ட் உள்ளே துருவும் அரிப்பும் வராமல் காக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். அந்தக் கலவை, ரேடியேட்டர் மூடி கொடுக்கிற அழுத்தத்தோடு சேர்ந்து, 120-ஐத் தாண்டினாலும் கொதிக்காமல் நிற்கும். இதையெல்லாம் பாய் இரண்டு நிமிஷத்தில் சொன்னார். பில்லைத்தான் மெதுவாகச் சொன்னார்.

அடுத்தது ரேடியேட்டர் கார்டு. லாரி டயரிலிருந்து தெறிக்கிற கல் ரேடியேட்டரில் படாமலிருக்க முன்னால் மாட்டுகிற தகடு. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? துளைகள் எவ்வளவு என்று பார்த்து. நான் பார்த்தது டிசைனை. துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மலை ஒன்று, ஓரத்தில் சூரியன். மலை பிரமாதமாக இருந்தது. காற்று மட்டும் மலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

போதாததற்கு, லெக் கார்டில் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டினேன். உள்ளே ஸ்பேனர் செட், பஞ்சர் கிட், டோ கயிறு. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நானே சரிசெய்துகொள்ளலாம் என்று. இன்ஜினுக்குக் காற்று போகிற வழியை இரண்டு பக்கமும் அடைத்த அந்த ஸ்பேனர்களில் எது எதற்கு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சூடு வெளியே அடிக்காமலிருக்க, இன்ஜினிலிருந்து புகை வருகிற பெண்ட் பைப்புக்குத் துணி சுற்றுகிற கலையும் இருக்கிறது. ஃபைபர்கிளாஸ் பட்டையை ஈரமாக்கி, இழுத்து இழுத்துச் சுற்றி, ஸ்டீல் கிளிப் போட வேண்டும். ரேஸ் வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். கையுறை போடாமல் சுற்றினேன். முழங்கை வரை அரித்தது. முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் பட்டை புகை விட்டது. புதிதாகச் சுற்றினால் புகையத்தான் செய்யுமாம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு அந்த 'மாம்' தெரியாது. ஒரு பக்கெட் தண்ணீரோடு ஓடி வந்தார். கொதிக்கிற இன்ஜின்மேல் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் உலோகம் விரிசல் விடலாம் என்று கத்திக்கொண்டே குறுக்கே பாய்ந்தேன். பக்கெட் தண்ணீர் முழுதும் என்மேல். அந்தக் கோடையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான கூலிங் அதுதான்.

ஐப்பசி மழையில் அந்தப் பட்டை ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அடியில் பைப் துருவேறியது. சரி, காலில் சூடாவது குறைந்ததா? துளி. காலைச் சுட்டது பெரும்பாலும் ரேடியேட்டர் காற்று. நான் பத்திரமாகச் சுற்றி வைத்தது பைப்பை.

ஆயில் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 10W-40 ஊற்றச் சொன்ன வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் சூடு தாங்கும் என்று 20W-50 ஊற்றினேன். பிறகு சைடு ஸ்டாண்டில் நிறுத்தியபடியே அளவு பார்த்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தால் வலது பக்கக் கண்ணாடியில் ஆயில் எப்படித் தெரியும்? 'ஐயோ, குறைந்துவிட்டதே' என்று இன்னும் ஊற்றினேன். அளவுக்கு மேல் ஆயில் இருந்தால் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும், சூடும் கூடும். கூடுதல் ஆயிலைப் பாய் வடித்து, கடை ஷட்டருக்குப் போட்டுக்கொண்டார். ஷட்டர் இப்போது சத்தமே இல்லாமல் ஏறி இறங்குகிறது.

100 ஆக்டேன் பெட்ரோலும் போட்டுப் பார்த்தேன். ஆக்டேன் என்பது இன்ஜினுக்குள் நாக்கிங் வராமல் தடுக்கும் திறனின் அளவு. சாதா பெட்ரோலிலேயே நாக்கிங் வராத வண்டிக்கு அதனால் சூடு குறையாது. பங்க் பையன் மட்டும் அதற்குப் பிறகு என்னை "வாங்க சார்" என்று கூப்பிட ஆரம்பித்தான்.

இந்த நேரத்தில் வீட்டில் ஒரு கேள்வி வந்தது. வலது தொடையில் சோற்றுக்கற்றாழை தடவிக்கொண்டிருந்தேன். "ஏங்க, இன்ஜின் சூடாகுது, இன்ஜின் சூடாகுதுன்னு சொல்றீங்க. கொப்பளிச்சிருக்கறது உங்க கால்தானே?" என்றாள் மனைவி. பெண்களுக்கு மெக்கானிக்கல் விஷயம் புரியாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

கத்திரி வெயிலில் கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு பாதி க்ளட்ச், மெதுவான வேகம், முன்னாலிருந்து காற்றே இல்லை. நான் ரோட்டைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்தேன். 102, 104... பயந்துபோய் ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் செய்தேன். கொஞ்சம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் 108. நிறுத்தி வைத்தால் எப்படி ஏறும்? ஏறும். கூலன்டைச் சுழற்றுகிற பம்ப் இன்ஜினோடு சேர்ந்து நின்றுவிடும். சுழற்சி நின்றதும், உலோகத்தில் இருக்கிற சூடு அங்கேயே தேங்கி நிற்கிற கூலன்டுக்கு இறங்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே போயிருந்தால் பம்பும் ஃபேனும் தம் வேலையைப் பார்த்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்துவது, பார்ப்பது, பதறுவது.

அப்படிப் பதறிக்கொண்டிருந்தபோது ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஏறி வந்தது. பின்னால் பலாப்பழங்கள், முன்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒரு பெரியவர். "ஏனுங்க சார், வண்டி ரிப்பேருங்களா?"

"இல்லைங்க. சூடு ஆறட்டும்னு நிறுத்தியிருக்கேன்."

வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ பெரிய வண்டிக்குங்களா?" என்றுவிட்டுப் போனார். அவருடையது 100 சிசி. ரேடியேட்டர் கிடையாது, ஃபேன் கிடையாது, டெம்பரேச்சர் மீட்டரும் கிடையாது. மீட்டர் இல்லாததால் அவருக்குக் கவலையும் கிடையாது.

திரும்பி வந்து பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, ஸ்டாண்டு போட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி கரெக்டா இருக்கு சார். ஃபேன் 100-ஐத் தாண்டினாத்தான் சுத்தும். அதுக்குத்தான் ஃபேனு. மேனுவல் படிச்சீங்களா?"

மேனுவலா? வண்டியோடு வந்தது. சீட்டுக்கு அடியில் பேட்டரி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன்.

எடுத்துப் பிரித்துப் படித்தேன். பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் கரண்ட் கணக்கில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மணிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அதாவது 32 யூனிட். அதில் சக்கரத்தைச் சுற்றுவது சுமாராக மூன்றில் ஒரு பங்குதான். மீதி இருபது யூனிட்டுக்கு மேல் சூடு. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் இருபதை ஆன் செய்து காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போகிற மாதிரி. அதில் பாதியளவு சைலன்சர் வழியாகப் போய்விடும். மீதி பாதிக்கு வெளியே போகிற வழியில் என் கால் உட்கார்ந்திருக்கிறது. காலில் சூடு அடித்தால் ரேடியேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இத்தனை நாளும் காசு செலவழித்து நான் தடுக்கப் பார்த்தது அந்த வேலையைத்தான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்தத் தலைவலி உண்டு என்பது ஒரு சின்ன ஆறுதல். ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளில், சூடு அதிகமாகி நின்றுகொண்டிருந்தால் பின் சிலிண்டர் எரிவதை நிறுத்தி வைக்கிற ஏற்பாடே உண்டு. காற்றிலேயே காலம் தள்ளிய ராயல் என்ஃபீல்டும் 2023-ல் ஹிமாலயன் 450-க்கு ரேடியேட்டர் வைத்துவிட்டது. ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு: இப்போது என்னோடு நெளிய நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெயில் அடித்தது. அந்த வெயிலில்கூட 100 டிகிரி கூலன்டுக்கு வெளிக்காற்று 55 டிகிரி குளிர்ச்சி. அது நிம்மதியாகச் சூட்டை இறக்கி வைக்கும். ஓட்டுகிறவனின் தோல் சுமார் 35 டிகிரி. அவனுக்கு அதே காற்று உலை. சூட்டில் மாட்டிக்கொண்டிருந்தது இன்ஜின் இல்லை, நான். மனைவி கற்றாழை தடவும்போதே சொன்னதுதான். அவளிடம் இதைப் புதுக் கண்டுபிடிப்பு போலத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்மேல் கவனம் திரும்பியது. கரூர் பரமத்தி பக்கம், கோடையில் வெயில் பட்டியலில் அடிக்கடி முன்னால் நிற்கிற ஊர், அங்கே நடுமதியம் வலை ஜாக்கெட்டின் எல்லா ஜிப்பையும் திறந்துவிட்டு ஓட்டினேன். காற்று வருமில்லையா? வந்தது, தோலைவிடச் சூடாக. ஜாக்கெட்டுக்குள் காட்டன் பனியனை நனைத்துப் போட்டுக்கொண்டால் அந்த வறண்ட காற்றில் தண்ணீர் ஆவியாகி உடம்பு ஜில்லென்று ஆகும். சீக்கிரம் காய்ந்தும்விடும், மறுபடி நனைக்க வேண்டும். இதே வித்தையைச் சென்னையில் செய்தேன். கடற்கரை ஈரக்காற்றில் பனியன் காயவே இல்லை. ஆபீசுக்கு ஈரத்தோடு போனேன். காரணம் யாரும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது மலைப் படம் போட்ட கார்டு, பைகள், சுற்றின பட்டை எல்லாம் பரணில். ஜீன்ஸுக்குப் பதில் கனமான ரைடிங் பேண்ட். சூட்டைக் கொஞ்சம் தடுக்கிறது. விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் எங்காவது ஒதுங்கிவிடுகிறேன். நீண்ட சிக்னலில் காலுக்காக இன்ஜினை ஆஃப் செய்கிறேன். ரேடியேட்டரில் ஒட்டின பூச்சியையும் சேற்றையும் பைப் தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறேன். முன்பு வாட்டர் வாஷ் பையனிடம் "நல்லா பிரஷர்ல அடிப்பா" என்று சொன்னதில் மடங்கிப்போன தகடுகள் இன்னும் நிமிரவில்லை. ஏகப்பட்ட செலவுக்குப் பிறகு வண்டி, கம்பெனி கொடுத்தபடி ஏறக்குறைய ஆகியிருக்கிறது.

இந்தக் கோடையில் நீங்களும் கிளம்புவீர்கள். விக்கிரவாண்டி தாண்டி ஏதாவது ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்துவீர்கள். வண்டி வெயிலில் நின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதைப் பத்திரமாக நிழலில் விட்டுவிட்டு, நீங்கள் வெயிலில் நின்று போட்டோ எடுக்காதீர்கள்.