டோன் அண்ணன்

ஆடி மாத இரவில் வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகிற சாலையில் ஒரு மொபெட் வருகிறது. காலடியில் பெட்ஷீட் சுற்றிய ஓர் இரும்புப் பெட்டி. முதுகில் குறுக்காக நீண்ட கறுப்புப் பை. வேகத்தடை வந்தால் ஓட்டுகிறவர் தன் முதுகெலும்பைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு காலால் பெட்டியை அணைத்துக்கொள்கிறார். அவர்தான் டோன் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. இசைக்குழு நோட்டீஸில் ‘கீபோர்ட்’ என்ற சொல்லுக்கு எதிரில் அச்சடிப்பதோடு அதன் உபயோகம் முடிந்தது.

குடியாத்தத்தில் ஒரு டோன் அண்ணன் உண்டு. ஆம்பூரில் இரண்டு பேர், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நான் சொல்லப்போகிறவர் அமிர்திப் பக்கத்தவர், ஜவ்வாது மலையின் அடிவாரம். மற்ற மூவரின் குணங்களும் இவரிடம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது என் கைவேலை.

மேடையில் வயலின்காரர் இல்லாமல் வயலின் கேட்கிறதே, புல்லாங்குழல்காரர் வீட்டில் தூங்கும்போது புல்லாங்குழல் வருகிறதே, அந்தக் குரல்தான் டோன். பாட்டு தெரியுமா என்று இவரை யாரும் கேட்பதில்லை. “இன்னாண்ணா, அந்தப் பாட்டுக்கு டோன் கீதா?” என்றுதான் கேட்பார்கள். இருக்கிறது என்று அவர் உடனே சொன்னதாகச் சரித்திரம் இல்லை. “கீது. ஆனா அது சரியில்ல. வேற ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்.”

பகலில் இவருக்குத் தோல் கம்பெனியில் செலக்ஷன் மேஜை. குரோம் போட்டுப் பதனிட்டு, சாயமேற்றி, காயவைத்து வந்த தோல்களை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவித் தரம் பிரிக்கிற வேலை. ஆடு உயிரோடிருந்தபோது உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறியது, உரித்தவனின் கத்தி கொஞ்சம் ஆழமாய்ப் போன இடம் எல்லாம் அந்தக் கைக்குத் தெரியும். முதல் தரம் ஒரு பக்கம், இரண்டாம் தரம் ஒரு பக்கம், கழிவு ஒரு பக்கம். சாயங்காலம் சைரன் ஊதியதும் அதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து இரவெல்லாம் பியானோக்களைத் தரம் பிரிக்கிறார். ஒரு செலோவைக் கேட்டுவிட்டு “கிரெய்ன் நல்லாகீது, ஓரத்துல வெட்டு கீது” என்று அவர் சொன்னால் சிரிக்கக் கூடாது. அந்தப் பதிவின் கடைசியில் வில் உரசும் சத்தம் சட்டென்று நின்றிருக்கும். காது அப்படி.

தோல் ஊர்க்காரர் என்பதில் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. “நம்ம ஊர்த் தோலு கப்பல்ல ஏறிப் போவுது. எவனோ வெளிநாட்டுக்காரன் புடிச்ச டோலு டிவிடியில இங்க வருது.” பதனிட்ட தோல் ஷூவுக்குத்தான் ஆகும், மேளத்துக்குப் பச்சைத் தோல்தான் பேசும் என்று உடனே தன்னைத்தானே திருத்தியும்கொள்வார். தகவலில் பிழை பொறுக்காத மனிதர்.

டோன் அண்ணனிடம் கீபோர்டுகளின் வம்சாவளி கேட்டால் விடிந்துவிடும். 1983-ல் மிடி வந்தது, அதே ஆண்டு யமஹாவின் டிஎக்ஸ்-7. 1988-ல் கோர்க் எம்-1. 1996-ல் ரோலண்ட் எக்ஸ்பி-80. இந்த இடத்தில் குரல் தழுதழுக்கும். அது இவர் கைக்கு வந்தது பல வருடம் கழித்துத்தான், மூன்றாம் கையாக. ஆனால் பிளாப்பி போடுகிற அந்த வாய் வேலை செய்தது. 1.44 எம்பி பிளாப்பிக்குள் ஒரு திருவிழாவுக்கு வேண்டியதெல்லாம் அடங்கியது. ‘ரோஜா’ வந்த 1992-க்கு அப்புறம் கச்சேரிகளில் ஜனங்கள் பாட்டை மட்டும் கேட்பதில்லை, கேசட்டில் கேட்ட சத்தத்தையும் கேட்கிறார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன் வருகிற முதல் இரண்டு விநாடியில் விசில் வந்தால் கச்சேரி ஜெயித்தது. வரவில்லையென்றால் டோன் தவறு. இதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ‘புன்னகை மன்னன்’ தீம் இசையை ஆர்மோனியத்தில் சுத்தமாக வாசித்தாலும் நம் ஜனங்கள் மிக்சர் பொட்டலத்தைத்தான் பிரிப்பார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1999-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வாத்தியங்களையே மென்பொருளாக எழுதிச் செருகலாம் என்று வழி திறந்துவிட, உலகம் முழுக்க ஆளாளுக்கு வாத்தியம் எழுத ஆரம்பித்தார்கள். பிளக்-இன் என்று பெயர். டோன் அண்ணன் லேப்டாப்பை மேடைக்கு ஏற்றினார். ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசையாகப் புல்லாங்குழல் போய்க்கொண்டிருந்தபோது லேப்டாப்புக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. ‘டிங்’ என்ற அந்த ஓசை ஆளுயர ஸ்பீக்கர்கள் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. சாப்பாட்டுப் பந்தியில் பாதிப் பேர் தங்கள் சட்டைப் பையைத் தடவினார்கள். செய்தி அனுப்பியவர் அவர் மனைவி. பால் வாங்கி வரச் சொல்லியிருந்தார்.

அதற்கப்புறம்தான் பெட்டி.

பெட்டி என்றால் பிளக்-இன்களை ஓட்டுவதற்கென்றே செய்த கணினி. திரை கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. முன்பக்கம் இரண்டு குமிழ், எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடி. கீபோர்டிலிருந்து மிடி உள்ளே போகும், சத்தம் வெளியே வரும். அமெரிக்காவின் மியூஸ் ரிசர்ச் செய்த ரிசெப்டர், ஆஸ்திரேலியாவின் வி-மெஷின் என்று 2000-களில் இந்த ஜாதி வந்தது. உள்ளே லினக்ஸ், அதன்மேல் விண்டோஸுக்கு எழுதிய வாத்தியங்களை ஏமாற்றி ஓட்டும் வித்தை. இப்போது 2020-ல் வந்த மஷீன் பிளஸ் போன்றவை கம்ப்யூட்டர் இல்லாமலே வாத்தியம் ஓட்டுகின்றன. பியானோடெக் என்ற பிரெஞ்சுப் பியானோ, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை பலகையில்கூட ஓடும். அண்ணன் வாங்கியது பழைய பெட்டி, சென்னையில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடமிருந்து. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப்போவதில்லை. பின்னால் நடந்ததற்கு அந்தக் கம்பெனி பொறுப்பல்ல.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பேரிடி. மைத்துனர் மகன் பென் டிரைவில் கொடுத்த அத்தனை வாத்தியங்களும் பூட்டு உடைத்தவை. பெட்டி நேர்மையானது, உரிமம் எங்கே என்று கேட்டது. நூற்றுக்கணக்கான பியானோ, கணக்கில்லாத வயலின் என்று வைத்திருந்த சீமான் ஒரே ராத்திரியில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார். சிலவற்றின் உரிமம் கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. சாவியில் இருக்கும். அதை அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டதாக டிரம்மர் சொல்கிறார். நான் சரிபார்க்கவில்லை.

காசு கொடுக்க வேண்டும் என்றதும் தேர்வு கடுமையானது. கிராண்ட் பியானோ வாங்க வேண்டும். 88 கட்டை, ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல அழுத்தத்தில் வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள். பத்து, இருபது ஜிபி சாதாரணம். ராத்திரி ஒரு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரே ‘ஸ’வைத் திரும்பத் திரும்பத் தட்டுவார். வலது காதில் மேல் ஸ்தாயி, இடது காதில் கீழ் ஸ்தாயி, நடுவில் தானே பியானோவின் முன் உட்கார்ந்திருப்பதான சுகம். தேர்ந்தெடுத்து, வாங்கி, ஏற்றி, திருவிழா மேடையில் வாசித்தால் தகர டப்பா. ஏன்? நம் மைக்செட்காரர்கள் கம்பத்துக்குக் கம்பம் ஹாரன் கட்டுகிறவர்கள், எல்லாம் ஒரே லைன். இடதும் வலதும் ஒன்றாகக் கலக்கும்போது, இரண்டு மைக்கில் தனித்தனியாகப் பிடித்த பியானோவின் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அது உலகத்து இயற்பியல். அண்ணன் அதை மைக்செட்காரரின் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

வயலினில் வேறு சோதனை. நல்ல மென்பொருள் வயலினில் இழுத்து வாசிப்பது, விட்டு வாசிப்பது, விரலால் சுண்டுவது எல்லாம் தனித்தனிப் பதிவு. எது வேண்டும் என்று சொல்லக் கீபோர்டின் கீழ்க்கோடியில் சில கட்டைகளை ஒதுக்கியிருப்பார்கள். அவற்றைத் தொட்டால் சத்தம் வராது, பாணி மாறும். அந்தக் கட்டைகள் 88 கட்டைக் கீபோர்டில் இருக்கின்றன. அண்ணன் பையில் இருப்பதோ 61. ஆக, ஸ்தாயியை இறக்கி, பாணியை மாற்றி, திரும்ப ஸ்தாயியை ஏற்றுவதற்குள் சரணம் வந்துவிடும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஒரு சோகப் பாட்டின் உச்சத்தில் ஏற்ற மறந்துவிட்டார். உருக வேண்டிய வயலின் ‘டிப் டிப்’ என்று சுண்டியது. பாடகி அழுதுகொண்டே சிரித்தார்.

தாமதம் பற்றி அவரிடம் தனியாகப் பேசக் கூடாது. கட்டையைத் தொட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் பெட்டி கணக்குப் போட எடுக்கும் நேரம் அது. ஒரு மூச்சுக்கு 1024 சாம்பிள் என்று வைத்தால் 23 மில்லி விநாடி. 128 என்று இறக்கினால் மூன்றுகூட ஆகாது, ஆனால் பெட்டி மூச்சு வாங்கிப் பொரிய ஆரம்பிக்கும். காற்றில் சத்தம் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் மூன்று மில்லி விநாடி பிடிக்கும், டிரம்மர் எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதே 23 வந்துவிடும் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பயன் வேறு மாதிரி இருந்தது. அடுத்த கச்சேரியில் டிரம்மரைத் தன் மடியில் உட்காரவைக்காத குறையாக இழுத்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச். ஜெபம் நடக்கும்போது அடியில் மெதுவாக ஒரு ‘பேட்’ போட வேண்டும், மேகம் மாதிரி. கடையில் வாங்கின மேகம் எதுவும் பிடிக்காமல், மழை முடிந்த ஒரு கார்த்திகையில் அமிர்தி அருவிக்குப் போனார். வேலூர்க்காரர்கள் உயிரியல் பூங்காவில் மான் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து, அருவியில் காலை நனைத்துத் திரும்புகிற இடம். இவர் பாறைமேல் ரெக்கார்டரை வைத்துவிட்டு, குளிக்க வந்த குடும்பங்களைக் கைகூப்பி மௌனம் காக்கச் சொன்னார். அந்த அருவியை நீட்டி, குழைத்து, ஸ்டிரிங்ஸுக்கு அடியில் சேர்த்தார். சபை கண்மூடி நின்றபோது அமிர்தி மெல்லப் பெருகியது. பாஸ்டர் ஐயா கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினார். ஒருவர் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயை மூடப் பார்த்தார்.

இத்தனைக்கும் அவருடைய இசைக்குழு வேனில் எக்ஸ்பி-80 கூடவே வரும். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், பூ வைத்த படம் மாதிரி, யாரும் தொடாமல். “எதுக்கும் இருக்கட்டும்” என்பார்.

இந்த ஆடியில் அவர் ஊரிலேயே கூழ் ஊற்றும் விழா. பாட்டு வரிசையை ஒரு மாதம் முன்பே எழுதி, ஒவ்வொரு பாட்டுக்கும் பெட்டியில் எண் கொடுத்து, காலால் மிதித்தால் அடுத்த டோன் வரும்படி கட்டியிருந்தார். மூன்றாவது பாட்டிலேயே ஊர்ப் பெரியவரிடமிருந்து சீட்டு வந்தது, நேயர் விருப்பம். பதினேழாம் எண் பாட்டு. நடுவில் இருந்த அத்தனை டோன்களையும் மிதித்துத் தாண்டி அவர் போய்ச் சேர்ந்தபோது மேடை பொட்டென்று இருண்டது. கரண்ட் கட்.

ஜெனரேட்டர் சீக்கிரமே எடுத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயர் வந்தது, சீரியல் விளக்கு வந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. அது நிதானமாக லினக்ஸ் எழுந்து, உரிமம் சரிபார்த்து, இருபது ஜிபி பியானோவின் தலைப்பகுதிகளை நினைவகத்தில் ஏற்றத் தொடங்கியது. சின்னக் கண்ணாடியில் ‘4 சதவீதம்’ என்று வந்தது. பெட்டிக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கச் சொல்லி எல்லோரும் சொல்லியிருந்தோம். அந்தப் பணத்தில் அவர் ஒரு ஓபோ வாங்கியிருந்தார். இந்த வட்டாரத்தில் ஓபோ வரும் பாட்டை யாரும் சீட்டில் எழுதிக் கொடுத்ததில்லை.

ஊர்ப் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பாடகர் மைக்கில் இருமினார். கண்ணாடியில் ‘7 சதவீதம்’. டோன் அண்ணன் குனிந்தார், கீழ்த்தட்டில் கை வைத்தார். எக்ஸ்பி-80 எப்போதோ விழித்துக் காத்திருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலான அந்தப் பியானோ, கூர்மையாக, கொஞ்சம் தகரமாக, ஒரு ஹாரனிலிருந்து இன்னொரு ஹாரனுக்கு மலையடிவாரம் வரை போனது. முதல் இரண்டு விநாடிக்குள் விசில். பெரியவர் ஐந்நூறு ரூபாய் அன்பளிப்பு என்று மைக்கில் அறிவித்தார்கள். மைக்செட்காரர் ஓடிவந்து, “இத்த அப்பவே போட்டிருக்கலாமேண்ணா!” என்றார்.

கச்சேரி முடிந்து வயர் சுற்றும்போது அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. திருந்திவிட்டார் என்று நினைத்து டிரம்மர் தேறுதல் சொல்லப் போனார்.

“இல்ல நைனா, இப்பதான் புரியுது,” என்றார் டோன் அண்ணன். “நாளைக்கே லீவு போட்டுட்டு, இந்த எக்ஸ்பி பியானோவ கட்டை கட்டையா பதிவு பண்ணி பெட்டிக்குள்ள ஏத்திடப் போறேன். இதுல 76 கட்டைதான் கீது. மீதி 12-ஐ எங்கியாவது புடிச்சிக்கலாம்.”