போறதுக்கு என்ன விலை, பேராண்டி?

டெல்லியில படிச்சிட்டு லீவுக்கு வந்த எம் பேராண்டி, 'அந்நியப் படை வெளியேற நான்கு வழிகள்'னு ஒரு கட்டுரை எழுதி, ஆப்கானிஸ்தானை உதாரணமா வச்சு, அதை இந்தக் கிழவன்கிட்டயும் காட்டியிருக்கே. பெரிய மனசு. கட்டம் போட்டு, லாபம் நட்டம் பிரிச்சு, படையைக் கூட்டுறது, குறைக்கிறது, உள்ளூர்ப் படைகிட்ட ஒப்படைக்கிறது, எதிரியோட பேசுறதுன்னு அம்புட்டும் அழகா எழுதியிருக்கே. ஒரே ஒரு குறைதான். நாலு வழியும் வெளியூர்க்காரன் மடியில இருக்கு. வீட்டுக்காரனை ஒரு கட்டத்துலயும் காணோம்.

இதுல உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. 2009ல ஒபாமாவும் மூணு மாசமா இதையேதான் யோசிச்சாரு. அங்க தளபதியா இருந்த மெக்கிரிஸ்டல் மூணு கணக்குக் கொடுத்தாரு: கூடுதலா 85,000 பேர், இல்லாட்டி 40,000, அதுவும் முடியாட்டி ஒரு பத்துப் பதினோராயிரம். மாட்டுச் சந்தையில தரகன் இப்படித்தான் மூணு காளையைப் பிடிச்சு நிறுத்துவான். ஒண்ணு தொட முடியாத விலை, இன்னொண்ணு எலும்பும் தோலும், நடுவுல நிக்கிறதுதான் அவன் விக்க வந்தது. ஒபாமா ஒண்ணும் ஏமாளி இல்லை, பேரம் பேசி 30,000க்கு முடிச்சாரு. அந்த டிசம்பர்ல வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மேடையில, 30,000 பேர் போறாங்க, 2011 ஜூலையில திரும்ப ஆரம்பிப்பாங்கன்னு ஒரே மூச்சுல சொன்னாரு. தாலிபான்காரன் காதுல முதல் பாதி விழுந்துச்சோ இல்லையோ, ரெண்டாம் பாதி நல்லாவே விழுந்திருக்கும்.

அதுக்காக நாளே குறிக்காம, 'நிலைமை சீரானதும் போகலாம்'னு நீ எழுதியிருக்கே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சீராக விடுறது யாரு அப்பு? முகாமுக்குச் சப்ளை பண்ணுறவன், ரோட்டுக் காண்டிராக்ட் எடுத்தவன், இல்லாத சிப்பாய் பேர்ல சம்பளம் வாங்குற அதிகாரி, இம்புட்டுப் பேருக்கும் சீராகாம இருக்கிறதுலதானே பிழைப்பு! நான் சொன்னா நம்பாதே. ஆப்கானிஸ்தான்ல போட்ட பணத்தைத் தணிக்கை பண்ண அமெரிக்காவே 'சிகார்'னு ஒரு அலுவலகம் வச்சிருந்துச்சு, அதோட அறிக்கையைப் படி. 50 கோடி டாலருக்கு மேல செலவழிச்சு இத்தாலிக்காரன் செஞ்ச சரக்கு விமானம் 20 வாங்கிக் கொடுத்தாங்க. உதிரி பாகம் கிடைக்காம நின்னு போச்சு. அதுல 16ஐ நொறுக்கி, பவுண்டு 6 சென்ட்னு பழைய இரும்புக்குப் போட்டாங்க. இன்னொண்ணு, அந்த நாட்டுல காடு மொத்தமே 2 சதவீதம். ஆப்கன் சிப்பாய்க்கு எடுத்த உடுப்போ காட்டுக்குள்ள ஒளியுற பச்சை. நல்ல வேளை, கடல் நீலத்துல தைக்கலை.

உன் பட்டியல்ல இல்லாத வழி ஒண்ணு இருந்துச்சு, அதுதான் எல்லாத்தையும் விட மலிவு. 2001 டிசம்பர். காபூல் விழுந்தாச்சு, தாலிபான் கந்தகாருக்குள்ள ஒடுங்கிட்டாங்க. அவங்கள்ல பெரிய தலைங்க, புது அரசாங்கத்துக்குத் தலைவராகப் போற ஹமீத் கர்சாய்க்குத் தூது விட்டாங்க: ஆயுதத்தைப் போட்டுடுறோம், எங்களை எங்க வீட்டுல நிம்மதியா இருக்க விடுங்க. கர்சாய் ஒத்துக்கிறாப்லதான் இருந்தாரு. வாஷிங்டன்ல பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு முடியாதுன்னுட்டாரு. ஜெயிச்சவன் எதுக்குப் பேசணும்? அதே மாசம் ஜெர்மனியில பான் நகரத்துல கூடி ஆப்கானுக்குப் புது அரசாங்கம் அமைச்சாங்க, தாலிபானைக் கூப்பிடலை. கூட்டம் நடத்தின ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே அது தப்புன்னு பின்னால சொன்னாரு.

இப்போ 2020 பிப்ரவரி 29, தோஹா. ஒரு பக்கம் அமெரிக்கத் தூதர் கலீல்சாத், எதிர்ப்பக்கம் தாலிபானோட முல்லா பராதர். 14 மாசத்துல படை மொத்தமும் போகணும், 5,000 கைதி வரைக்கும் வெளியே விடணும். வீட்டுல இருக்க விட்டாப் போதும்னு கெஞ்சினவன் பதினெட்டு வருஷத்துல கேட்ட விலை இது. வேடிக்கை என்னன்னா, அந்தக் கைதிகளைப் பூட்டி வச்சிருந்தது காபூல் அரசாங்கம். அதைக் கையெழுத்துக்கே கூப்பிடலை.

அமெரிக்காவுக்கு முன்னால அங்க படையோட உட்கார்ந்திருந்த ரஷ்யாக்காரன் இதை நேர் தலைகீழா செஞ்சான். கோர்பச்சேவ் கூட்டாளிங்க 1986 நவம்பர்லயே ரெண்டு வருஷத்துல போயிடணும்னு முடிவெடுத்தாங்க. 1988 ஏப்ரல்ல ஜெனீவாவுல காபூலும் பாகிஸ்தானும் கையெழுத்துப் போட்டுச்சு, ரஷ்யாவும் அமெரிக்காவும் ஜாமீன். துப்பாக்கி பிடிச்சுச் சண்டை போட்ட முஜாஹிதீன் அந்தப் பேச்சுல இல்லை. சாட்சிக்காரன் கால்ல விழறதுக்குச் சண்டைக்காரன் கால்ல விழலாம்பாங்க. ரஷ்யாக்காரன் சண்டைக்காரனைப் பார்க்கலை. அமெரிக்காக்காரன் சண்டைக்காரன் கால்லயே விழுந்தான், ஆனா வீட்டுக்காரனை வாசல்ல நிறுத்திட்டான்.

ஆனாலும் ரஷ்யா ஆதரவுல காபூலை ஆண்ட நஜிபுல்லா நின்னாரு, அதை நீ ஒத்தை வரியில தாண்டிட்டே. 1989 பிப்ரவரி 15, சோவியத் தளபதி குரோமோவ் ஆமு தர்யா பாலத்தைத் தாண்டி ஊருக்குத் திரும்பினாரு. இனி காபூல் சில மாசம்தான்னாங்க. அடுத்த மாசமே ஜலாலாபாத்தைப் பிடிக்க வந்த முஜாஹிதீனை நஜிபுல்லா படை மறிச்சு நிறுத்திருச்சு. 1992 ஏப்ரல் வரைக்கும் ஓட்டினாரு. மாஸ்கோவுல இருந்து பணமும் எண்ணெயும் கோதுமையும் ஆயுதமும் வந்த வரைக்கும்னு சொல்லு. சோவியத் கலைஞ்சு வரத்து நின்ன நாலே மாசத்துல முடிஞ்சு போச்சு. 2021ல ஆப்கன் விமானங்களைப் பழுது பார்த்துக்கிட்டிருந்தது வெளிநாட்டு மெக்கானிக்குங்க. அமெரிக்கச் சிப்பாய்களோட அவங்களும் மூட்டை கட்டிட்டாங்க. அமெரிக்காவோட பாக்ராம் தளத்துல ராத்திரியோட ராத்திரியா கரண்டை நிறுத்திட்டுப் போனாங்க, அங்க பொறுப்பேற்க வந்த ஆப்கன் தளபதிக்கே விஷயம் பின்னாலதான் தெரியும். ஏட்டுல 3 லட்சம் பேர் இருந்த படை. ஆகஸ்ட் 15ல காபூல் போச்சு.

பைடன் போனது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். போகத்தான் வேணும். போனவரை ஊரெல்லாம் திட்டுது, இன்னும் ஒரு வருஷம் இன்னும் ஒரு வருஷம்னு உட்கார வச்ச தளபதிமாரு டிவியில இன்னும் யோசனை சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீயும் அவங்களைத்தான் உன் கட்டுரையில மேற்கோள் காட்டியிருக்கே, பார்த்தேன்.

கடைசியா ஒண்ணு கேக்கிறேன். படை போயிருச்சு. ஆப்கன் மத்திய வங்கிப் பணம் ஏறக்குறைய 700 கோடி டாலர் நியூயார்க்லயே முடங்கிப் போச்சு. 2022ல பாதியைச் சுவிட்சர்லாந்துல ஒரு நிதிக்கு மாத்தினாங்க. மீதிப் பாதியை 2001 தாக்குதல்ல செத்தவங்க குடும்பத்து வழக்குக்காக அமெரிக்காவுலயே நிறுத்தி வச்சாங்க. ரொட்டிக்கு வரிசையில நின்ன காபூல்காரனைக் கேட்டா, அது எங்க பணம்பான். உன் நாலு கட்டத்துல இதை எந்தக் கட்டத்துக்குள்ள எழுதப்போறே?