செவிலிச் சொல்லதிகாரம்

சொல்லைத் தொல்காப்பியம் நான்காக வகுத்தது: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் கிராம சுகாதார செவிலியரின் நோட்டுக்கும் இவ்வகுப்பு செல்லும். நான்காவதை மட்டும் ஆங்கிலச் சொல் எனக் கொள்க.

இயற்சொல்லாவன வாந்தி, பேதி, இருமல். எல்லார்க்கும் விளங்குதலின் உரை வேண்டா.

திரிசொல்லாவது தன் பொருளை விட்டு வேறிடம் குடிபோனது. எல்லார்க்கும் இருக்கும் பிரஷர் 'எனக்கு பிரஷர் இருக்கு' என்றதும் நோயாகிவிடும். நெஞ்செரிச்சல் முதல் மாரடைப்பு வரை நோயாளி 'கேஸ்' என்பார். நோயாளியையே கேஸ் என்பது ஆஸ்பத்திரி வழக்கு. ஆகவே 'கேஸ்னு வந்த கேஸ்' குற்றமற்ற தொடரே.

திசைச்சொல்தான் பெரிய இயல். தலை சுத்துது, கிறுகிறுங்குது, கண்ணைக் கட்டுது, மயக்கமா வருது: இவை ஒன்றா, நான்கா? மயக்கம் என்றால் நினைவு தப்பியதா, தப்பப் பார்த்ததா? கேட்டுப் பிரித்தறியச் செவிலியருக்குத் தெரியும். நோட்டில் ஏறுவதோ ஒரே சொல்.

ஆங்கிலச் சொல் பெரும்பாலும் தலையெழுத்தாகவே வரும். 'பி.எஸ்.' ரத்த சர்க்கரையாகலாம், குடல் இரைச்சலாகலாம், மூச்சொலியும் ஆகலாம். இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று உரையாசிரியர் தப்பித்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு இடம் நோக்கத் தெரியாது.

அஃதேல், அவரவர் சொல்லை அவரவர் எழுதினால் என்ன எனின், நோயாளி ஓரிடத்தில் நிற்பதில்லை என்க. வல்லத்திலிருந்து செஞ்சி, அங்கிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி, மனம் ஆறாவிட்டால் மாநில எல்லை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர். பின்னாலேயே சீட்டும் போகிறது; எழுதியவர் போவதில்லை.

இதற்கு மருந்தாக வந்தது ஸ்னோமெட் சி.டி. என்னும் பன்னாட்டு மருத்துவச் சொல்தொகுதி. இந்தியா 2014-இல் அதில் உறுப்பாயிற்று. இங்கே அதைக் கவனிப்பது புனேயில் சி-டாக் என்னும் கணினி ஆய்வு நிறுவனத்தில் உள்ள மையம். சொல்லை விட்டுக் கருத்துக்கு எண் கொடுப்பது அதன் நெறி. காய்ச்சலின் எண் 386661006. காய்ச்சல், சுரம், ஜுரம், ஃபீவர் நான்கும் அதன்கீழ் ஒதுங்கலாம். யார் வாயையும் திருத்த வேண்டியதில்லை. ஆனால் உள்காய்ச்சல்? தெர்மாமீட்டர் 98.4 காட்டும்; பாட்டி ஒப்பமாட்டார். காய்ச்சல்போல் உணர்தலுக்கும் அத்தொகுதியில் தனி எண் உண்டு. அவ்வகையில் பாட்டி கட்சியே வென்றது.

நோய்க்குப் பெயர்ப்பட்டியல் 1893-இல், புள்ளியியலாளர் பெர்ட்டிலோன் வகுத்த சாவுக் காரணங்களோடு வந்துவிட்டது. செவிலியர் செய்வதற்குப் பட்டியல் வேண்டுமென்று பன்னாட்டுச் செவிலியர் மன்றம் தீர்மானித்தது 1989-இல். அகத்திணையில் கூற்று நிகழ்த்தும் உரிமை செவிலிக்கு உண்டு. கணக்கில் அதைப் பெற இவ்வளவு காலமாயிற்று. ஐ.சி.என்.பி. எனப்படும் அப்பட்டியல், இப்போது ஸ்னோமெட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. அது தன் சொற்களை ஏழு அச்சில் நிறுத்தியது: குவியம், தீர்ப்பு, செயல், வழி, காலம், இடம், பெறுநர்.

சோதித்துப் பார்ப்போம். கர்ப்பிணியின் எடைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் கட்டம் உண்டு. மருமகளைச் செக்கப்புக்கு அனுப்பச் சொல்லி மாமியாரிடம் செவிலியர் பேசிய முக்கால் மணி நேரம் எந்தக் கட்டத்தில் ஏறும்? ஏழு அச்சில் வைத்தால், குவியம் பேறுகாலப் பராமரிப்பு. தீர்ப்பு தாமதம். செயல் இணங்கவைத்தல். வழி பேச்சு, இடையில் ஒரு டம்ளர் மோர். காலம் ஐந்தாம் மாதம். இடம் திண்ணை. பெறுநர் யார் என்பதில்தான் பிணக்கு. வயிற்றில் பிள்ளை யாருக்கோ அவரே, ஆதலால் மருமகள் என்பது ஒரு சாரார் கொள்கை. அவள் முதல் மாதமே சம்மதித்துவிட்டாள். ஆகவே மாமியார் என்பதே எம் துணிபு.