எட்டு வயசுக் கை

1796 மே 14. இங்கிலாந்தின் பெர்க்லியில் டாக்டர் எட்வர்ட் ஜென்னர், தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையைக் கீறி, பால் கறக்கும் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த பசு அம்மைச் சீழைத் தடவினார். பையனுக்கு வயது 8. பெரியம்மையை அது தடுக்கிறதா என்று ஜூலையில் அசல் பெரியம்மைச் சீழையே ஏற்றிப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஜென்னர் பெயர் நமக்கு எதற்குத் தெரியப்போகிறது?

மறு வருஷம் அவர் அனுப்பிய கட்டுரையை ராயல் சொசைட்டி ஏற்கவில்லை. ‘பச்சைப் பிள்ளையிடமா இந்த வேலை?’ என்று கேட்டு அல்ல. ஒரு பிள்ளை போதாதாம்.

இன்றைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் நெறிமுறைப்படி, ஆராய்ச்சியில் சேர்க்கும் பிள்ளைக்கு 7 வயது தாண்டிவிட்டால் பெற்றோர் கையெழுத்து போக, பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஊசியைக் காட்டி “சரியா கண்ணு?” என்றால் என்ன பதில் வரும் என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். நெறிமுறைக் குழுவில் டாக்டர், வக்கீல், பொதுஜனம் என்று 7 பேராவது உண்டு; டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து, சம்மதப் படிவம் எளிய மொழியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருக்கும். பக்கம் பக்கமாக எளிய மொழி.

ஃபிப்ஸுக்கு ஜென்னர் பிற்பாடு வாடகையில்லாமல் ஒரு வீடு கொடுத்தார். பால் கறந்த பெண்ணுக்கு அம்மை தந்த பசுவின் தோல் லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதனிடமும் யாரும் கேட்கவில்லை.