அஜ்ஜிக்குக் காது மந்தம்

பெங்களூருவில் கன்னடம் கற்க நினைக்கும் தமிழனுக்கு முதல் எதிரி பெங்களூருதான். நாக்கைச் சுழற்றி, "கொத்தம்பரி சொப்பு எஷ்டு?" என்று கேட்டால், கடைக்காரர் நம் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கட்டு இருபது ரூபா சார், நாட்டுக் கொத்தமல்லி" என்கிறார். பால்காரர் தமிழில் கணக்குச் சொல்கிறார். ஆட்டோக்காரர் தமிழிலேயே கூடக் கேட்கிறார்.

அதிலும் நான் குடியேறியது அல்சூர். 1809இல் வெள்ளைக்காரர்கள் கன்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தோடு மெட்ராஸ் பக்கமிருந்து வந்திறங்கிய தமிழர்களின் வாரிசுகள், என் கன்னடத்தைக் கெடுக்கவென்றே இருநூறு வருடமாக அங்கே காத்திருந்தார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவரே முகத்தை மூடிக்கொண்டு 18 வருடம் நின்றார். 2009இல்தான் சிலையின் துணியை எடுத்தார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

முப்பது நாளில் கன்னடம் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று வாங்கினேன். தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் அதில் இருந்தன. எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

அந்த ஆள் கீழ்வீட்டிலேயே கிடைத்தார். வீட்டுக்காரரின் தாயார். எனக்கு அஜ்ஜி, அதாவது பாட்டி. தார்வாட் மாவட்டத்து நவலகுந்துக்காரர். தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. குருவாக இருக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? சாயங்காலமானால் வாசல்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைப்பார். நானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்து உடைப்பேன், கடலையையும் கன்னடத்தையும்.

அஜ்ஜிக்குக் காது மந்தம். ஆகவே எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "நென்னெ சந்தெகெ ஹோக்தீனி" என்று ஒருநாள் முழங்கினேன். நேற்று சந்தைக்குப் போவேன்! அஜ்ஜி தலையாட்டினார். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஒரு குரல், "ஹோகித்தெ!" என்று திருத்தியது. எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பையன் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு வந்து சிரித்தான். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு இறந்தகாலம் நடத்தினார். இலக்கணப் பிழையைத் தெருவே கேட்கக் கத்திப் பாருங்கள், மறுநாள் அந்தப் பிழை வாயில் வராது. எந்தப் பல்கலைக்கழகமும் இந்த முறையை ஏன் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

நான் சோர்ந்தால் அஜ்ஜி கவிஞர் பேந்திரேயை எடுத்து அடிப்பார். "வீட்டில் மராத்தி பேசின மனுஷன் தார்வாடில் உட்கார்ந்து கன்னடத்தில் பாட்டெழுதி ஞானபீடமே வாங்கினார். உனக்குக் கொத்தமல்லி வாங்க முடியாதா தம்மா?" நானும் விடவில்லை. வீட்டில் தமிழ் பேசிய மாஸ்தி வெங்கடேச அய்யங்காருக்கும் 1983இல் ஞானபீடம் கிடைத்ததே என்றேன். "அவர் கோலார் பக்கம்" என்று உதட்டைப் பிதுக்கினார். தெற்கத்திக் கன்னடமெல்லாம் அவருக்குக் கணக்கிலேயே கிடையாது.

அதன் விளைவு மெல்லத்தான் தெரிந்தது. என் வாயில் எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு வடக்கத்தி 'ரீ' ஒட்டிக்கொண்டது. ஹௌத்ரீ, இல்ரீ, யாக்ரீ. திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்க, "ஹௌத்ரீ" என்றேன். "ஏலே, காய்ச்சலா?" என்றாள்.

போன வாரம் ஆட்டோவில் ஏறி, "ஹோக்ரீ" என்றதும் ஓட்டுநர் சட்டென்று திரும்பினார். இந்த முறை முகத்தைப் பார்த்துத் தமிழுக்குத் தாவவில்லை. "ஹுப்பள்ளி கடெயவ்ரா?" கண்ணெல்லாம் பாசம். அவருக்குச் சொந்த ஊர் கதக். ஊரைவிட்டு வந்த ஏக்கம் முழுக்க என் மேல் கொட்டியது. இத்தனை பாடுபட்டுக் கிடைத்த பட்டத்தை மறுக்க மனம் வரவில்லை. "நவலகுந்துரீ" என்றேன்.

"அய்யோ, எங்க அத்தை வீடு அங்கேதானே! நீங்க யார் வீடு?"

எனக்குத் தெரிந்த நவலகுந்து வீடு ஒன்றே ஒன்றுதான். கிணறு, வேப்பமரம், பங்காளித் தகராறு என்று வாசல்படியில் கேட்டதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன். காலத்தில்கூடப் பிழையில்லை. இறங்கும்போது மீட்டருக்கு மேல் ஒரு பைசா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அஜ்ஜியிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவரிடம் எதையும் ரகசியமாகச் சொல்ல வழியில்லையே!