கடைமடைக்கு முதல் தண்ணி

அடேங்கப்பா, மாப்ளே! போன்ல என்னா அழகா வட்டம் போட்டு வச்சிருக்கீங்க. சிவப்புல ஒரு துண்டு, பச்சையில ஒரு துண்டு, மஞ்சள்ல ஒரு துண்டு. சிவப்பு என்னன்னா ஓட்டல்ங்கிறீங்க. பச்சை, ஆன்லைன்ல வாங்கினது. மூணுலயும் பெருசா நிக்கிற மஞ்சள், ‘இதர’வாம். யாரு மாப்ளே அந்த இதர? ஒங்ககூடவே தங்கியிருக்காரா? வாடகையில பாதியாவது குடுக்கறாரா?

கோவிச்சுக்காதீங்க. நீங்க படிச்ச புள்ள, சென்னையில கம்பெனி உத்தியோகம். நான் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புல மட்டை பொறுக்கறவன். ஒங்களுக்கு நான் கணக்குச் சொல்றதாவது! ஆனா ஒண்ணு கேக்கறேன். இந்த வட்டம் காசு இருக்கறப்ப வாயத் தொறக்குதா? இல்லையே. எல்லாம் தீந்தப்புறம் வந்து படம் காட்டுது. செலவை எழுதி வைக்கிறது நல்ல பழக்கந்தான், வேணாங்கல. செலவுக்கு முன்னாடி பங்கு போடறது வேற வேலை. அந்த வேலையைச் செய்ய ஒங்க போனுக்கு இன்னும் ஆள் வரல போலருக்கு.

போன தடவை வந்தப்ப சூத்திரம் ஒண்ணு சொன்னீங்க. பாதி தேவைக்கு, முப்பது ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. அமெரிக்காவுல எலிசபெத் வாரன்னு ஒரு அம்மா, மகளோட சேந்து 2005-ல எழுதின புத்தகத்துல இருக்குன்னீங்க. நல்ல சூத்திரம். ஆனா ஒங்க வாடகையே சம்பளத்துல பாதியைத் தின்னுட்டா, அரிசி பருப்பை அந்த அம்மா வீட்டுலயா போயி வாங்கறது? அதனால அம்பதை அறுபதாக்கிக்கங்க, முப்பதை இருபதாக்கிக்கங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க. வரிசையை மட்டும் மாத்திப் போடுங்க. கடைசியில நிக்கிறதை முதல்ல கொண்டாங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊரு கல்லணைக் கால்வாய்க்குக் கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்கணும்பாங்க. தொறந்தா பூத்தூவுற படம் பேப்பர்ல வரும். இங்க வாய்க்கால்ல தவளைகூட கத்தாது. மேல இருக்கறவன் அயோக்கியன்னு நெனைக்காதீங்க. அவன் வயலு காயுது, அவன் தொறக்கறான். அவனுக்குப் போக மிச்சந்தான் நமக்குன்னா மிச்சம் வரவே வராது. முறை வச்சு மேல மடையை அடைச்சாத்தான் இங்க தண்ணி ஏறும். ஒங்க சேமிப்பு இருக்குதே, அது கடைமடை. மாசக் கடைசியில மிஞ்சினா போடலாம்னு உக்காந்திருந்தீங்கன்னா, ஓட்டல்காரன் மடை தாண்டி ஒரு சொட்டு வராது. சம்பளம் விழுந்த அன்னிக்கே இருபது எடுங்க. முடியலையா, பத்து எடுங்க. அதுவும் முடியலன்னா தபால் ஆபீஸ்ல மாசம் 100 ரூபாய்க்கே ஆர்.டி. போடலாம், அஞ்சு வருசத்துக்கு. பிரியாணி கொண்டாந்து குடுக்கற பயலுக்கு டிப்ஸ் போடறீங்கள்ல, அந்தத் தொகைதான்.

மிச்சத்தைப் பங்கு போடறது எப்படின்னு ஒங்க அத்தைகிட்ட கேளுங்க. எட்டாவதோட நின்னவ. பீரோவுல சேலைக்கு அடியில ஒரு பிஸ்கட் டின்னு. உள்ள பூரா ஒத்த ரூபாக்காசு ஒட்டின மொய்க் கவரு. ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ன்னு தங்கக் கலர்ல அச்சடிச்சிருக்கும், அதுக்குக் கீழ பேனாவுல ‘மூட்டுவலி மாத்திரை’ன்னு எழுதியிருப்பா. இன்னொண்ணுல மளிகை, இன்னொண்ணுல கரண்டும் சிலிண்டரும், ஒண்ணுல மொய்யி. எங்களுக்கு மாசச் சம்பளமா வருது? ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவுல ஒண்ணரை மாசம், ரெண்டு மாசம் ஆயிரும். காய் வெல ஏறும், இறங்கும். அதனால வித்த காசு கைக்கு வந்த ராத்திரியே அடுத்த வெட்டு வரைக்கும் கவர் கவராப் போட்டுருவா. மளிகைக் கவரு காலியா, அன்னியிலேருந்து முருங்கைக்கீரை. பக்கத்துக் கவர்ல கை வைக்கணும்னா ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ள போடணும்: ‘மருந்திலிருந்து 200 எடுத்தது, ஆட்டுக்கறிக்கு.’ தேதி, கையெழுத்து. எனக்கும் அதே சட்டந்தான். எழுதி முடிக்கறதுக்குள்ள கறி ஆசை பாதி போயிரும், அதுதான் அவ திட்டமே.

ஒங்க செலவு பூரா போன்ல ஓடுதே, கவருக்கு எங்க போறதுங்கிறீங்களா? ரெண்டு பாங்குக் கணக்கு வச்சுக்கங்க. சம்பளம் விழற கணக்குலேருந்து வாடகை, சீட்டு, பள்ளிக்கூடம்னு முடிச்சுட்டு, கைச்செலவை மட்டும் இன்னொண்ணுக்குத் தள்ளுங்க. டீக்கடை அட்டையைப் பாத்து ஸ்கேன் பண்றது அதுலேருந்து மட்டும். தீந்துருச்சுன்னா போனே ‘காசு இல்ல’ன்னு சொல்லும். நாலு பேரு முன்னாடி சொல்லும், அதுதான் நல்லது. மொத்தக் காசையும் வீட்டுலயே கவர்ல அடைச்சு வைக்கவும் வேணாம். 2016 நவம்பர் 8 ராத்திரி, ஐநூறு ஆயிரம் நோட்டு செல்லாதுன்னு பிரதமர் டிவியில பேசி முடிக்கறதுக்குள்ள, அரிசிப் பானைக்குள்ளேருந்து இன்னொரு டின்னு வந்துச்சு. எல்லாம் ஐநூறும் ஆயிரமும். அப்படி ஒரு டின்னு இருக்கறது கட்டின புருசன் எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

அப்புறம் இந்தத் ‘திடீர் செலவு.’ திடீர்னு தீபாவளி வந்துருச்சாம். ஏன் மாப்ளே, காலண்டர்ல சிவப்புல அச்சடிச்சு சனவரியிலயே ஆணியில மாட்டறமே, அப்பத் தெரியலையா? பள்ளிக்கூடம் ஜூன்ல தொறக்கும்னு ஒங்க தாத்தா காலத்துலேருந்து தெரியும். வண்டி இன்சூரன்ஸ் தேதி அந்தக் காயிதத்துலயே போட்டிருக்கு. வருசத்துல எது எது வருதோ அத்தனையையும் கூட்டுங்க, பன்னெண்டால வகுங்க. பீஸ் 36,000-ன்னா மாசம் 3,000, தீபாவளிக்கு 12,000-ன்னா மாசம் 1,000. கரண்டு பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கதானே, வராத மாசத்துல பாதியை எடுத்து வைங்க. திடீர்ங்கிறது வேற மாப்ளே. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வந்துச்சு. பொழுது விடிஞ்சு பாத்தா தோப்பு பூரா படுத்துக் கெடந்துச்சு. புதுக் கன்னு வச்சுக் காய் பாக்க வருசக்கணக்காவும். அன்னிக்கு ஆறு மாசச் சோத்துக்குத் தனியா வச்சிருந்தவன் நின்னான், மத்தவன் திருப்பூருக்கு பஸ் ஏறினான். ஒங்க கம்பெனியும் ஒரு நாளு மெயில் அனுப்பும். அதுக்குன்னு ஒரு கவரு இருக்கட்டும், அதுல தீபாவளியை ஏத்தாதீங்க.

மொய்யைச் சொல்லாம விட்டா நம்ம ஊரு பேச்சு ஆவாது. ஆடி மாசம் மொய் விருந்து. பந்தல் போட்டு, கெடா வெட்டி, மேசை மேசையா ஆள் உக்காந்து எழுதுவாங்க. இப்ப சில இடத்துல கம்ப்யூட்டர், எண்ணுற மெசின் எல்லாம் உண்டு. ஒரே நாள்ல லட்சக்கணக்குல விழும். விழுந்ததைப் பாத்ததும் மனுசனுக்கு வருமானம்னு தோணிரும். ஒருத்தரு அந்தக் காசுல காரு வாங்கினாரு, பேரு வேணாம். மறு ஆடியிலேருந்து ஊரு அவரு வீட்டுக்குப் பத்திரிகையா அனுப்புது. செஞ்சவனுக்குத் திருப்பிச் செய்யணும், மேல கொஞ்சம் போட்டும் செய்யணும். காரை வித்தாரு, கடனை அடைக்கல. அதே காசுல போர் போட்டவன், கடை வச்சவன் பொழைச்சான். பத்திரம் இல்லாத கடன் மாப்ளே அது, நோட்டுதான் சாட்சி. அந்த நோட்டை நாங்க முப்பது வருசமானாலும் கிழிக்க மாட்டோம். நீங்க ஒங்க கிரெடிட் கார்டு பில்லை மூணாம் பக்கம் வரைக்கும் ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா?

படிச்சிருந்தா ‘குறைந்தபட்சம் கட்ட வேண்டியது’ங்கிற வரியைப் பாத்து சந்தோசப்பட்டிருக்க மாட்டீங்க. அதை மட்டும் கட்டினா மிச்சத்துக்கு மாசம் நூத்துக்கு மூணு, மூணரை வட்டி ஓடும். மூணரைன்னா வருசத்துக்கு நாப்பத்திரெண்டு. இங்க மூணு வட்டிக்கு விடறவனைத் திண்ணையில ஏத்த மாட்டோம். கந்துவட்டியைத் தடுக்க 2003-ல தமிழ்நாட்டுல சட்டமே போட்டாங்க. நீங்க என்னடான்னா அந்த அட்டையைப் பர்ஸ்ல முதல் வரிசையில வச்சு, குடும்பப் போட்டோவைப் பின்னாடி தள்ளியிருக்கீங்க. முதல்ல அதை முழுசா அடைங்க. அது ஓடற வரைக்கும் ஆர்.டி. நூறு ரூபாயோட நிக்கட்டும், மிச்சமெல்லாம் அட்டைக்குப் போகட்டும்.

இன்னொண்ணு. இந்தப் பங்கை நீங்க மட்டும் உக்காந்து போடாதீங்க, ஒங்க வீட்டம்மாவையும் பக்கத்துல வச்சுக்கங்க. ரெண்டு பேருக்கும் கேள்வி கேக்காத கைக்காசு ஆளுக்கு ஒரு கவரு. ரெண்டும் ஒரே தொகை. இல்லன்னா ஒங்க வீட்டு அரிசிப் பானையிலயும் ஒரு டின்னு முளைக்கும்.

வர்ற ஒண்ணாந்தேதி சம்பளம் விழுந்ததும், ராத்திரி சாப்பிடறதுக்கு முன்னாடி எனக்குப் போன் போட்டு எதெதுக்கு எவ்வளவு வச்சீங்கன்னு வாசிங்க. உக்காந்து கேக்கறேன். இருபதாந்தேதிக்கு மேல வர்ற போனை நான் எடுக்கறதில்ல.