சும்மா கீறித் தாங்கோ

உரும்பிராயில் ஒருவன் டொக்டராக இருக்கலாம், எஞ்சினியராக இருக்கலாம், வாத்தியாராக இருக்கலாம், இந்தச் செம்மண்ணில் வெங்காயமும் பீட்ரூட்டும் போடுகிற தோட்டக்காரனாகவும் இருக்கலாம். ஒன்றும் சரிவராவிட்டால் கனடாவில் இருக்கலாம். விறாந்தையில் இருந்து படம் கீறுகிறவனாக மட்டும் இருந்துவிடக் கூடாது. கதைக்குப் படம், புத்தக அட்டை, கோவில் திருவிழா நோட்டீஸ், சாமத்திய வீட்டுக்கு மயில் வைத்த பனர் என்று நான் செய்வதையெல்லாம் தொழில் என்று ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "இவர் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், மனுசி "கொம்பியூட்டரிலை" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதாக உள்ளே போய்விடுவாள். எங்கள் வீட்டில் பாவிப்பது பால்மா.

பக்கத்துத் தோட்டத்து அண்ணை விடிய நாலு மணிக்கே இறைக்க வந்துவிடுவார். என் லைற் எரிவதைக் கண்டு ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, விடிய விடியப் படிக்கிறியளோ?"

"இல்லை அண்ணை, மயிலுக்குத் தோகை வைக்கிறன்."

அன்றிலிருந்து அவர் என்னோடு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசுகிறார்.

இந்தத் தொழிலில் கூலிதான் பெரிய மர்மம். மேசனிடம் போய் "சும்மா ஒரு சுவர்தானே, கட்டித் தாங்கோவன்" என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் கேற்றைத் திறக்கும்போதே "சும்மா ஒரு படம்தானே, கீறித் தாங்கோவன்" என்றுதான் தொடங்குவார்கள். போகும்போது ஒரு கட்டுக் கீரையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். மனுசி கீரையை எடுத்துப் பார்த்து, "இது கலர்ப் படத்துக்கோ, கறுப்பு வெள்ளைக்கோ?" என்று கேட்பாள்.

நம்பகமான வருமானம் கல்வெட்டில்தான். வெளியூர்க்காரர் தொல்லியல் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அச்சடித்துக் கொடுக்கிற நினைவு மலரைத்தான் யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்லுவோம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், திதி வெண்பா, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இதில் தேவாரத்தால் எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. கரைச்சல் எல்லாம் முகப்புப் படத்தில்தான். எங்கள் ஆக்கள் வயது போனவரைத் தனியாக நிறுத்திப் படம் எடுக்க மாட்டார்கள். ஆகவே எந்தப் பெரியவரையும் ஏதோ ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருந்துதான் நான் வெட்டி எடுக்க வேண்டும்.

அப்படி வந்த ஒரு பெரியவருக்குக் கோட் போட்டுவிடும்படி கனடாவில் இருக்கிற மூத்த மகன் வட்ஸ்அப்பில் சொன்னார். போட்டேன். இங்கே இருக்கிற மகள் பார்த்துவிட்டு, "அப்பா சீவியத்திலை கோட்டைத் தொட்டதில்லை, சால்வைதான் வேணும்" என்றா. கோட்டுக்கு மேல் சால்வை போட்டேன். சுவிஸில் இருக்கிற சின்ன மகன், "என்ன அண்ணை, அப்பா கோட்டில் வழக்குப் பேசிவிட்டு அப்படியே கோவில் கூட்டத்துக்குப் போறவர் மாதிரி இருக்கிறார்" என்று சிரிப்புப் பொம்மையோடு அனுப்பினார். மூன்று நாட்டுக்கும் இடையில் இரவிரவாகப் பேச்சுவார்த்தை நடந்து, உள்ளது உள்ளபடி பழைய வேட்டி சால்வையே போதும் என்று முடிவானது. கோட்டைக் கழற்றினேன். அதுவரை கோட்டுக்குள் மறைந்திருந்த ஒரு கை வெளியே வந்தது.

பெரியவரின் தோளில் நாலு விரல், அதில் ஒன்றில் மோதிரம். பின்னுக்கு நின்ற தம்பியாரின் கை. படம் எடுத்த காலத்தில் அண்ணனும் தம்பியும் நல்ல ஒற்றுமை. பிறகு வேலிக் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நட்டதில் வழக்காகி, வழக்கு அண்ணனைவிட நீண்ட ஆயுளோடு இன்னும் நடக்கிறது. "அந்தக் கையை எடுத்துவிடுங்கோ" என்றா மகள். கையை எடுப்பது லேசு. கைக்குக் கீழே சால்வை எப்படி மடிந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மற்றத் தோளில் இருந்து மடிப்பைக் கடன் வாங்கி, திருப்பி வைத்து, நூல் நூலாகச் சரிபார்த்து முடித்தபோது தோட்டத்து அண்ணை இறைக்க வந்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தியேட்டிக்குத் தம்பியாரும் வந்திருந்தார். ஒரு கல்வெட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டு, முகப்பை ஒரு நிமிசம் பார்த்தார். பிறகு வடையும் வாயுமாக இருந்த சபை கேட்க, "இது என்ரை மகளின்ரை கலியாண வீட்டுப் படமெல்லோ? எங்கை என்ரை கை?" என்றார். சபை பெரியவரின் மகளைப் பார்த்தது. மகள் என்னைப் பார்த்து, "இவர்தான் எடுத்தவர்" என்றா. அந்த வேலி வழக்கில் இப்போது மூன்றாம் எதிரி நான்.

இப்படியான நாட்களில் பழைய 'சிரித்திரன்' இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு வயிறெரிவேன். கரவெட்டிக்காரரான சிவஞானசுந்தரம், எங்களுக்கெல்லாம் சிரித்திரன் சுந்தர், 1924இல் பிறந்தவர். ஆனந்த விகடனில் வசனமே இல்லாமல் சிரிக்க வைத்த கோபுலுவும் அதே வருசம்தான் பிறந்தார். அந்த வருசத்து மண்ணில் என்ன பசளை போட்டார்களோ தெரியாது. சுந்தர் நாலு கோடு இழுத்தால் சவாரித்தம்பர் எழும்பி நிற்பார், பக்கத்தில் சின்னக்குட்டி. யாழ்ப்பாணத்தானின் படாடோபம், கஞ்சத்தனம், வறட்டுக் கௌரவம் எல்லாவற்றையும் அந்த மனிசன் வருசக்கணக்காகக் கீறித் தள்ளினார். ஆனாலும் யாழ்ப்பாணத்தான் ஒருவனும் கோபித்ததாகத் தெரியவில்லை. காரணம் எனக்குத் தெரியும். சவாரித்தம்பரைப் பார்த்த ஒவ்வொருவனும் "இது அடுத்த வீட்டுக்காரன்தான்" என்று நினைத்துச் சிரித்தான். நான் கீறுகிற கழுதையைப் பார்த்தாலும் நாலு பேர் வந்து, "தம்பி, என்னை ஏன் இழுத்தனீர்?" என்று கேட்கிறார்கள்.

தேர்தல் வந்தால் எங்கள் தொழிலுக்குத் திருவிழா. 2024 கார்த்திகையில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களுக்கு 396 பேர் நின்றார்கள். இவ்வளவு பேருக்கும் முகம் இருந்தது. ஒருவருக்கும் அந்த முகம் பிடிக்கவில்லை. என்னிடம் ஒரு வேட்பாளர் வந்தார். எந்தச் சின்னம் என்று கேட்காதீர்கள், அவர் இருக்கிற சந்தியால்தான் நான் பாண் வாங்கப் போக வேணும். "கொஞ்சம் சிரிக்கப் பண்ணுங்கோ" என்றார், பண்ணினேன். "சிரிப்புக் கூடிப்போச்சு, சனத்தின்ரை பிரச்சினை தெரிஞ்ச ஆள் மாதிரி இல்லை" என்றார், குறைத்தேன். "இப்ப எனக்கே பிரச்சினை இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். கடைசியில் இருபது வருசத்துக்கு முந்திய படம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதை வைத்து வீடு வீடாகப் போனபோது, "மகன் வரேல்லையோ?" என்று சனம் விசாரித்ததாம். அந்த முறை மூன்று ஆசனங்களைத் தெற்கிலிருந்து வந்த திசைகாட்டிச் சின்னம் அள்ளிக்கொண்டு போனது. என் ஆளுக்கு விழுந்த வாக்கைவிட நான் செய்த துண்டுப்பிரசுரத்தில் எழுத்துப்பிழை அதிகம் என்று மனுசி கணக்குச் சொன்னாள்.

சின்னங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு கீறுவது லேசு. வீணை கரைச்சல். இணுவிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வீணைக்கு ஏழு தந்தியில் ஒன்று குறைந்தால் சங்கீத ரீச்சர்மார் சும்மா விடுவார்களா? 2024 சனாதிபதித் தேர்தலில் அரியநேத்திரன் நின்ற சங்குச் சின்னம் அதைவிட ஆபத்தானது. சாதாரண சங்கைக் கீறிவிட்டுக் கொம்பியூட்டரில் இடம் வலமாக ஒருமுறை திருப்பினால் போதும், அது வலம்புரி ஆகிவிடும். வலம்புரிச் சங்கு விற்கப் போய்ப் பிடிபட்டவர்களைப் பற்றி அடிக்கடி பேப்பரில் வருகிறது. என் வீட்டில் ஒரு பட்டனுக்குள் எத்தனை இலட்சம் இருக்கிறது என்று பொலிசுக்கு இன்னும் தெரியாது.

ஆனால் சவம், இன்னொரு சின்னமான இந்தச் சைக்கிளைப் போல மனிசரை மானங்கெடுத்துகிற சாமான் உலகத்தில் இல்லை. ஜியான்லூக்கா ஜிமினி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் 2009 தொடங்கித் தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம், பார்க்காமல் ஒரு சைக்கிள் கீறித் தரும்படி கேட்டாராம். அநேகம் பேர் கீறிக் கொடுத்த சைக்கிள் ஓடாது, ஓடினாலும் திரும்பாது. இத்தாலிக்காரருக்குக் கார் இருக்கிறது, மன்னிக்கலாம். நாங்கள் அப்படியா? தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் ஊரே சைக்கிளில் ஓடியது. மூட்டை, முட்டை, வருத்தக்காரர், மாப்பிள்ளை பொம்பிளை எல்லாம் கரியரில் போன மண் இது. 2022இலும் பெற்றோல் வரிசை நீண்டபோது மூலையில் கிடந்த லுமாலாக்களைத் தூசி தட்டி எடுத்தோம். அந்தப் பெருமையில் மகளின் பள்ளிக்கூட வேலைக்கு நான் பார்க்காமலே ஒரு சைக்கிள் கீறிக் கொடுத்தேன். அவள் வயசுப் பெடியன் ஒருவன் பார்த்துவிட்டு, "அங்கிள், செயினை முன் சில்லிலை கொழுவினா ஹாண்டிலைத் திருப்ப ஏலாது" என்றான். தகப்பன் சைக்கிள் கடை வைத்திருக்கிறாராம்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு இருக்கும்போதுதான் 2025 பங்குனியில் உலகம் முழுக்க அந்த ஜிப்லிப் பைத்தியம் பிடித்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஜப்பான்காரன் கீறின கார்ட்டூன் மாதிரிக் கொம்பியூட்டரே மாற்றிக் கொடுத்துவிடும். மனுசி ஒருநாள் போனும் கையுமாக வந்தாள். ஜிப்லி என்றால் என்ன தெரியுமா என்று நான் பிரசங்கம் தொடங்கினேன். ஜிப்லிக்காரரான மியாசாகியின் 'த விண்ட் ரைசஸ்' படத்தில் சனக்கூட்டம் வருகிற ஒரு காட்சி, மொத்தம் 4 செக்கன். அதைக் கையால் கீறி முடிக்க ஒரு ஓவியருக்கு ஒரு வருசமும் மூன்று மாதமும் பிடித்தது என்றேன்.

அவள் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தாளுக்கு வீட்டிலை தேங்காய் திருவுற வேலை இல்லைப் போல" என்றாள்.

நான் தேங்காய் திருவி முடிப்பதற்குள் என்னுடைய படம் ஒன்று ஜப்பான்காரனாகி வந்துவிட்டது. தலை நிறைய மயிர், பெரிய கண், வண்டி இல்லை, பின்னால் மேகம் வேறு. மனுசி அதைக் கொண்டுபோய்த் தாயிடம் காட்டினாள். மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டு, போனைக் கிட்டப் பிடித்து, தூரப் பிடித்து, கனநேரம் பார்த்தா.

"ஆரடி இந்தப் பெடியன்? நல்ல லட்சணமாய் இருக்கிறான். உனக்கு மாப்பிள்ளை பாக்கேக்கை இப்பிடி ஒண்டும் எங்கடை கண்ணிலை படேல்லையே!"